பழைய கம்ப்யூட்டர்ல கேம் ஓடுமா? கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விங்க

காவேரிப்பட்டணத்துல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் தர்மபுரி, அதனால ரெண்டு ஜில்லா சிபியுவும் என் மேஜைக்கு வருது. பெங்களூர் ஆஃபீஸுங்க கழிச்சு விட்ட டெல், எச்பி, லெனோவோ பெட்டிங்க ஓசூர் வழியா இறங்கி இங்க ஏகப்பட்ட வீட்டுல இருக்கு, லீவு விட்டா போதும் பசங்க அதுல ஜிடிஏ போடணும்னு நிக்கறாங்க. ஒரே கேள்விக்கு வாட்ஸ்ஆப்ல வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதியே வெச்சுட்டேன். மேல இருந்து வரிசையா படிச்சீங்கன்னா நல்லது, கீழ இருக்கற பதில்ல பாதி மேல சொன்னதை நம்பித்தான் இருக்கு.

அண்ணா, கார்டு இல்லாமலே எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல படம் தெரியுதே, அப்பறம் கிராஃபிக்ஸ் கார்டு எதுக்கு?

படம் தெரியறதுக்கு ப்ராசஸருக்குள்ளயே ஒரு சின்ன கிராஃபிக்ஸ் இருக்கு. இன்டெல்ல 2011ல வந்த செகண்ட் ஜென்ல எச்டி 2000, எச்டி 3000, அடுத்த வருஷம் தேர்டு ஜென்ல எச்டி 2500, எச்டி 4000, 2013ல ஃபோர்த் ஜென்ல எச்டி 4600. அதுக்கும் முன்னாடி கோர் 2 டுயோ காலத்துல ஜி31, ஜி41 மதர்போர்டு சிப்லயே அந்த வேலை நடந்துச்சு. டேலி போட, யூடியூப் பாக்க, படம் பாக்க இதுவே தாராளம்.

கேம்னு வந்தா கதை வேற. சாதா 1366க்கு 768 மானிட்டர்ல மொத்தம் பத்தரை லட்சம் புள்ளி இருக்கு, நொடிக்கு 60 படம் வேணும்னா ஆறு கோடி புள்ளிக்கு மேல ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டு வரையணும், அதுலயும் ஒரு புள்ளிக்கு ஒரு கணக்கோட முடியாது, வெளிச்சம் நிழல் எல்லாம் சேர்ந்து வரும். கார்டுங்கறது அந்த வேலைக்குன்னே நூத்துக்கணக்குல ஆள் வெச்ச பட்டறை மாதிரி, கூடவே தனக்குன்னு சொந்தமா மெமரியும் வெச்சிருக்கும். உள்ள இருக்கற கிராஃபிக்ஸுக்கு சொந்த மெமரி கிடையாது, உங்க ரேம்லயே கடன் வாங்கி ஓட்டும். இந்தக் கடன் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ வரும்.

என் கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னே தெரியலண்ணா, எப்படிப் பாக்கறது?

விண்டோஸ் பட்டனும் ஆர் பட்டனும் சேர்த்து அமுக்குங்க, ஒரு சின்ன பெட்டி வரும், அதுல டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி ஆறு எழுத்தையும் இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க. முதல் பக்கத்துல ப்ராசஸர், ரேம், டிஸ்ப்ளே பக்கத்துல கிராஃபிக்ஸ் பேரு. அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு அப்பறம் கேள்வி கேளுங்க. "டெல் கம்ப்யூட்டர்ண்ணா, கருப்பு கலரு"ன்னு அனுப்பினா நான் என்ன சொல்றது.

கார்டு ஏற்கனவே போட்டிருந்தா ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதையும் போட்டு வெச்சுக்கங்க. அடுத்த கேள்விக்கே தேவைப்படும்.

4 ஜிபி கார்டு 2 ஜிபி கார்டை விட டபுள் பவர்தானே?

இல்ல. கடையில நான் அதிகமா கேக்கற கேள்வி இது, இந்தப் பக்கம் ஜனங்க காசை அதிகமா விட்டதும் இதுலதான். ஜிபிங்கறது தொட்டியோட அளவு, அவ்வளவுதான். மாடியில ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி கட்டிட்டு கீழ அரை இஞ்ச் குழாய் போட்டா தண்ணி எப்படி வரும்? கார்டுல அந்தக் குழாய்க்குப் பேரு பேண்ட்வித்து. மெமரி டிடிஆர்3யா ஜிடிடிஆர்5ஆ, பஸ், அதாவது மெமரிக்குப் போற வழியோட அகலம், 64 பிட்டா 128 பிட்டா, இந்த ரெண்டையும் வெச்சுத்தான் அது அமையுது. டிடிஆர்3 போட்ட 64 பிட் கார்டுல நொடிக்கு 14.4 ஜிபி அளவுக்குத்தான் போகும். அதே 64 பிட்ல ஜிடிடிஆர்5 போட்டா 40. ஜிடிஎக்ஸ் 750 டிஐல 86.4, ஜிடிஎக்ஸ் 1050 டிஐல 112. ஏழெட்டு மடங்கு வித்தியாசம் பாருங்க, டப்பா மேல இது எதுவும் பெருசா போட்டிருக்காது, ஜிபி மட்டும்தான் போட்டிருக்கும்.

போச்சம்பள்ளி பக்கத்துல இருந்து ஒருத்தர் பையனைக் கூட்டிக்கினு வந்தாரு, கையில புது டப்பா, மேல நெருப்பு கக்கற டிராகன், அதை விடப் பெருசா 4 ஜிபின்னு எழுத்து. உள்ள ஜிடி 730, டிடிஆர்3, 64 பிட். வித்த கடைக்காரர் "இதுக்கு மேல கார்டே இல்ல"ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. பையனோட ஐ5ல போட்டு ஜிடிஏ 5 ஓட்டினேன், எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம்ங்கறது, இருபத்தஞ்சை ஒட்டியே ஆடிட்டு இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு என் டெஸ்டிங் கார்டு, ஸ்டிக்கர் எல்லாம் கிழிஞ்ச 2 ஜிபி 750 டிஐ, அதை அதே பெட்டியில அதே செட்டிங்ல போட்டேன், அறுபதுல போய் நின்னுச்சு. அவங்கப்பா ரெண்டு கார்டையும் ரெண்டு கையில வெச்சு மாத்தி மாத்திப் பாத்துட்டு "பாதி ஜிபி, எப்படிங்க?"ன்னாரு. தொட்டிக் கதையைச் சொன்னேன், போர்வெல் வெச்சிருக்கறவரு, டக்குனு புரிஞ்சுக்கினாரு.

இதுல இன்னொரு கூத்து, ஜிடி 730ங்கற ஒரே பேர்ல 2014ல மூணு விதமா கார்டு வந்துச்சு. ஒண்ணுல 96 கோர், அதாவது மேல சொன்ன பட்டறை ஆளுங்க, பழைய ஃபெர்மி சிப். மத்த ரெண்டுல 384 கோர், அதுல ஒண்ணு டிடிஆர்3, ஒண்ணு ஜிடிடிஆர்5. ஜிடி 1030யும் இதே கதைதான், 2017ல ஜிடிடிஆர்5ஓட நல்லா வந்துச்சு, அடுத்த வருஷம் அதே பேர்ல டிடிஆர்4 போட்டு விட்டாங்க, பேண்ட்வித்து 48ல இருந்து 16.8க்கு இறங்கிப் போச்சு. அதனால கடையில பேரைக் கேக்காதீங்க, ஜிபியு-இசட் ஓட்டிக் காட்டச் சொல்லி மெமரி டைப்பும் பஸ் விட்த்தும் பாருங்க.

கார்டு வாங்க காசு இல்ல, இருக்கறதை வெச்சே ஏதாவது ஏத்த முடியுமா ப்ரோ?

முடியும். முதல் வேலை ரேம். உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் ரேம்ல கடன் வாங்குதுன்னு சொன்னேன்ல, நம்ம ஊரு பெட்டிங்கள்ல பாதிக்கு மேல ஒரே ஒரு ரேம் குச்சிதான் இருக்கும். ஒரு குச்சின்னா ஒரே வழி, டிடிஆர்3 1333ல நொடிக்கு 10.6 ஜிபி, அதுலயே ப்ராசஸரும் போகணும் கிராஃபிக்ஸும் போகணும். அதே அளவுல இன்னொரு குச்சியை சரியான ஸ்லாட்ல போட்டா டூயல் சேனல் ஆகி வழி ரெண்டாயிடும். 8 ஜிபி ஒரு குச்சியை விட 4 ஜிபி ரெண்டு குச்சி கேம்ல நல்லா ஓடும், நம்ப மாட்டீங்க, போட்டுப் பாருங்க.

ரெண்டாவது, ரெசல்யூஷனை இறக்குங்க. 1920க்கு 1080ல இருபது லட்சம் புள்ளிக்கு மேல, 1280க்கு 720ல ஒன்பது லட்சத்துச் சொச்சம், பாதிக்கும் கம்மி வேலை. அப்பறம் கேம் செட்டிங்ல முதல்ல ஷேடோவைக் குறைங்க, ஓரத்தை வழுவழுன்னு ஆக்கற ஆன்ட்டி அலையஸிங்கை ஆஃப் பண்ணுங்க, பொருள் மேல ஒட்டற படமான டெக்ஸ்சரைக் கடைசியாத் தொடுங்க.

எஸ்எஸ்டி போட்டா எஃப்பிஎஸ் ஏறுமா?

ஏறாது. லோடிங் சீக்கிரம் முடியும், ஓபன் வேர்ல்டு கேம்ல வண்டியில வேகமாப் போறப்ப ரோடு தாமதமா முளைக்கறது குறையும். ஆனாலும் பழைய பெட்டிக்கு என்ன வாங்கலாம்னு கேட்டா எஸ்எஸ்டிதான் முதல்ல சொல்வேன், கேமுக்காக இல்ல, மீதி நேரத்துக்கு.

கோர் 2 டுயோ இருக்கு, நல்ல கார்டா போட்டா புது கேம் ஓடுமா?

வேணாம் தம்பி. ஜிடிஏ 5 பிசிக்கு வந்ததே 2015ல, அதுக்கே குறைஞ்சபட்சம் கோர் 2 குவாட் க்யூ6600, அதாவது நாலு கோர் கேட்டாங்க. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, 2023 செப்டம்பர்ல வந்தது, அதுவும் நாலு த்ரெட், அதாவது ஒரே நேரத்துல நாலு வேலை ஓட்டற ப்ராசஸர், கேக்குது. ரெண்டு கோர் ப்ராசஸர்ல எந்தக் கார்டு போட்டாலும் கார்டு சும்மா உக்காந்திருக்கும், ப்ராசஸர் மூச்சு வாங்கும். புது கேம் சிலது தொறக்கவே தொறக்காது, அதுல இருக்கற சில கட்டளை இந்த ப்ராசஸருக்குத் தெரியவே தெரியாது.

வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் இதெல்லாம் அதுலயே அருமையா ஓடும். அதை அதுக்குன்னே வெச்சுக்கங்க.

ஐ5 செகண்ட் ஜென், 8 ஜிபி ரேம். எந்தக் கார்டு போடலாம்?

இது நல்ல பெட்டி. ஐ5 2400ல நிஜமான நாலு கோர் இருக்கு. இதுக்கு நான் சொல்ற வரிசை: கையில கம்மியா இருந்தா செகண்ட்ஸ்ல ஜிடிஎக்ஸ் 750 டிஐ, கொஞ்சம் கூட இருந்தா 1050 டிஐ 4 ஜிபி, அதுக்கு மேலன்னா 1650. 2014, 2016, 2019ல வந்த கார்டுங்க, 60 வாட், 75 வாட், 75 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் குடுக்கும், அதனால இந்த மூணுலயும் தனி பவர் ஒயர் இல்லாத மாடல் கிடைக்கும், அதைத் தேடி வாங்குங்க. ஏன்னு அடுத்த கேள்வியில இருக்கு.

ஐ3 2100 வெச்சிருக்கறவங்க கார்டுக்கு முன்னாடி ப்ராசஸரை மாத்துங்க. அதே சாக்கெட்ல ஐ5 2400, ஐ5 3470, ஐ7 3770 வரைக்கும் போகலாம், செகண்ட்ஸ்ல இதெல்லாம் இப்ப சல்லிசு. தேர்டு ஜென் போடறதா இருந்தா பயாஸ், அதாவது போர்டை முதல்ல எழுப்பற சாஃப்ட்வேர், அப்டேட் வேணுமான்னு முதல்லயே பாத்துக்கங்க, கம்பெனி பெட்டி சிலது தேர்டு ஜென்னை ஏத்துக்கவே ஏத்துக்காது.

பவர் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்னு போட்டிருக்கே, ஆர்எக்ஸ் 580 கார்டை இழுக்காதா?

ஸ்டிக்கர்ல 450ன்னு போட்டிருக்கறதை விடுங்க, அதே ஸ்டிக்கர்ல கீழ பொடி எழுத்துல ஒரு கட்டம் இருக்கும், அதுல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. கேபினெட்டோட சேர்ந்து வர்ற மலிவு எஸ்எம்பிஎஸ்ல 14 ஆம்பியர்னு இருக்கும். பன்னெண்டை பதினாலால பெருக்குங்க, 168 வாட். ப்ராசஸர், கார்டு ரெண்டும் தின்றது அந்த 12 வோல்ட்ல இருந்துதான். ஆர்எக்ஸ் 580 ஒண்ணுக்கே 185 வாட் வேணும், ஐ5 2400க்கு 95. கணக்கு இடிக்குதா?

இதுல ஒயர் இல்லன்னு ஹார்ட் டிஸ்க்குக்குப் போற நாலு முள் மோலெக்ஸ்ல இருந்து கன்வெர்ட்டர் போட்டு கார்டுக்குக் குடுக்கறாங்க. பாலக்கோட்ல இருந்து ஒரு பெட்டி வந்துச்சு, "கேம் போட்டா பத்து நிமிஷத்துல ஆஃப் ஆகுது"ன்னு சொன்னாங்க. மூடியைத் தொறந்த உடனே கருகின பிளாஸ்டிக் வாசனை. மோலெக்ஸ் வெள்ளை கனெக்டர் மஞ்சள் ஒயர் பக்கம் மட்டும் பழுப்பாகி, உருகி, முள்ளு சாஞ்சு பக்கத்து முள்ளைத் தொடப் போற மாதிரி நின்னுட்டு இருந்துச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மதர்போர்டும் போயிருக்கும். ஆறு முள் கனெக்டர் 75 வாட்டுக்கு, எட்டு முள் 150 வாட்டுக்கு. அது எஸ்எம்பிஎஸ்லயே இருந்து வரணும், வரலன்னா அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கு இல்லன்னு அர்த்தம்.

கிராமத்துல இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. மூணு ஃபேஸ் கரண்ட் வந்து சுத்துப்பட்டு மோட்டார் எல்லாம் ஓட ஆரம்பிச்சா வீட்டு வோல்டேஜ் படுத்துடும், அந்த நேரம் பாத்து கேம் நடுவுல ரீஸ்டார்ட் ஆகும். கார்டு போச்சுன்னு தூக்கிட்டு வராதீங்க, முதல்ல அந்த நேரத்துல வோல்டேஜை அளந்து பாருங்க.

எங்க பெட்டி ஒல்லியா இருக்கும், ஆஃபீஸ்ல இருந்து வந்தது. அதுல கார்டு போகுமா?

லோ ப்ரொஃபைல் கார்டு மட்டும் போகும், அதாவது உயரம் பாதியா இருக்கற கார்டு, கூட குட்டி பட்டையும் வரணும். ஜிடி 1030, 1050 டிஐ, 1650 மூணுலயும் அந்த மாடல் இருக்கு, ஆனா சாதா மாடலை விட விலை ஜாஸ்தி, கிடைக்கறதும் கஷ்டம். 1050 டிஐ, 1650 ரெண்டும் பெரும்பாலும் ரெண்டு ஸ்லாட் தடிமன், பக்கத்துல எஸ்எம்பிஎஸ் இடிக்குதான்னு ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வாங்குங்க. இந்தப் பெட்டிங்கள்ல எஸ்எம்பிஎஸ் கம்பெனியோட சொந்த வடிவம், வெளிய வாங்கி மாத்த முடியாது. அதனால 75 வாட்டுக்கு மேல கனவு காண வேணாம்.

என் மானிட்டர்ல விஜிஏ மட்டும்தான் இருக்கு, புது கார்டுல அந்த ஓட்டையே இல்லையே?

என்விடியா 10 சீரிஸ்ல இருந்து விஜிஏ சிக்னலே கிடையாது. டிவிஐ ஓட்டை இருக்கும், அதுல அம்பது ரூபா நீல அடாப்டர் சொருகலாம்னு பாப்பீங்க, சொருகாது. பழைய கார்டு டிவிஐல பட்டையான முள்ளைச் சுத்தி நாலு சின்ன ஓட்டை இருக்கும், விஜிஏ போறது அந்த நாலு வழியா. அந்த நாலும் இல்லன்னா அது வெறும் டிஜிட்டல். அப்ப எச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்கு உள்ள சிப் வெச்ச கன்வெர்ட்டர் வாங்கணும், சும்மா ஒயர் வேலைக்கு ஆகாது.

கார்டு போட்டேன், ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கருப்பா இருக்கு. கார்டு டெட்டா?

முதல்ல மானிட்டர் ஒயரை எதுல சொருகியிருக்கீங்கன்னு பாருங்க. சிரிக்காதீங்க, காரிமங்கலத்துல இருந்து ஒரு பையன் பஸ்ல சிபியுவை மடியில வெச்சு எடுத்துக்கினு வந்தான், நான் ஒயரை கார்டுல சொருகினேன், படம் வந்துடுச்சு. வீட்டுல மதர்போர்டு விஜிஏலயே விட்டிருக்கான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன்.

அது சரியா இருந்தா, கார்டைக் கழட்டி தங்கக் கலர் பல்லை பென்சில் ரப்பரால துடைச்சு, கிளிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. பவர் ஒயர் கேக்கற கார்டுன்னா அதைச் சொருகினீங்களா பாருங்க. இதுக்கும் வரலன்னா பழைய பயாஸுக்கும் கார்டுக்கும் ஒத்துப் போகாத கேஸா இருக்கலாம், முக்கியமா 2011, 2012 கம்பெனி பெட்டிங்கள்ல புது கார்டு போட்டா. பயாஸை அப்டேட் பண்ணிப் பாக்கணும். அதே கார்டை வேற புது பெட்டியில போட்டு படம் வந்துச்சுன்னா கார்டு மேல தப்பில்ல.

கவர்மென்ட் லேப்டாப்ல கார்டு போட முடியுமாண்ணா?

முடியாது. லேப்டாப்ல கிராஃபிக்ஸ் போர்டோட ஒட்டியே வருது. ரேம் ஸ்லாட் காலியா இருந்தா இன்னொரு குச்சி போடலாம், டூயல் சேனல் கதை மேல சொன்னதுதான். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியா மாத்தலாம். சார்ஜர் சொருகி வெச்சு, பவர் செட்டிங்கை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சு விளையாடுங்க, பேட்டரியில போட்டா வேகத்தைக் குறைச்சுடும். அவ்வளவுதான், அதுக்கு மேல அதைப் படுத்தாதீங்க, அக்கா காலேஜ் ப்ராஜெக்ட் அதுலதான் இருக்கும்.

எஸ்.பி. ரோடு போய் செகண்ட்ஸ் கார்டு எடுக்கப் போறேன், ஏமாறாம இருக்க என்ன பாக்கணும்?

கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர்தான், காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோடு. ஆனா திரும்பிப் போய் சண்டை போட யாருக்கும் நேரம் இருக்காது, அதனால அங்கயே பாத்துடணும். ஓட்டிக் காட்ட மாட்டேன்னா அந்தக் கடையில வாங்காதீங்க. ஓட்டினா ஜிபியு-இசட் தொறங்க. பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி கார்டுக்குள்ள பயாஸை மாத்தி எழுதி 1050 டிஐன்னு விக்கறவங்க இருக்காங்க, விண்டோஸ் அதை நம்பிடும், ஜிபியு-இசட் பெரும்பாலும் ஃபேக்குனு பேர்லயே காட்டிக் குடுத்துடும். கோர் எண்ணிக்கையும் பாருங்க, 1050 டிஐன்னா 768, 750 டிஐன்னா 640.

ஆர்எக்ஸ் 580ல 2048 எஸ்பின்னு ஒண்ணு இருக்கு. நிஜ 580ல 2304 கோர், இதுல பேருக்கு ஏத்த மாதிரி 2048, உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட 570தான். 570 விலைக்கு வந்தா தாராளமா வாங்கலாம். 2022 செப்டம்பர்ல கார்டை வெச்சு எத்தீரியம்ங்கற கிரிப்டோ காசு எடுக்கற மைனிங் நின்னப்பறம் 570, 580 மார்க்கெட்ல கொட்டுச்சு. மைனிங் கார்டுன்னாலே தொடக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஃபேன் பேரிங் தேஞ்சிருக்கும், பயாஸ் மாத்தியிருப்பாங்க. ஃபேனை விரலால மெதுவா சுத்திப் பாருங்க, கரகரன்னா பேரம் பேசுங்க. கார்டை முழு மூச்சுல உழைக்க வெக்கற ஃபர்மார்க்ங்கற டெஸ்ட் சாஃப்ட்வேரை பதினஞ்சு நிமிஷம் ஓட்டி, சூடு எங்க போய் நிக்குது, ஸ்கிரீன்ல புள்ளி கோடு ஏதாவது மின்னுதான்னு பாருங்க. ரெண்டு நிமிஷத்துல "ஓடுது பாருங்க சார்"னு பிடுங்கப் பாப்பாங்க, விடாதீங்க.

செகண்ட்ஸ் வேணாம், புதுசா ஆர்எக்ஸ் 6400 வாங்கறேன், 53 வாட்தானே, நம்ம செகண்ட் ஜென்னுக்கு சரியா இருக்குமா?

வாட் கணக்குல சரிதான், வேற இடத்துல மாட்டும். 2022ல வந்த அந்தக் கார்டுல ஸ்லாட்ல சொருகற பல்லு பாக்க முழு நீளம், ஆனா உள்ள டேட்டா போற பாதை, அதாவது லேன், நாலே நாலுதான் இருக்கு. புது போர்டுல பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இருக்கறதால நாலு லேன்லயே நொடிக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி போயிடும். செகண்ட் ஜென் போர்டு 2.0, அங்க அதே நாலு லேன்ல 2 ஜிபி. கார்டோட 4 ஜிபி மெமரி நிறையாத வரைக்கும் தெரியாது, நிறைஞ்ச உடனே ரேம்ல இருந்து இழுக்க ஆரம்பிக்கும், அப்ப அந்த ஒத்தையடிப் பாதையில மாட்டிக்கும். 6500 எக்ஸ்டியும் இதே ஜாதி. பதினாறு லேன் இருக்கற 1050 டிஐ, 1650 பழைய போர்டுல இந்தத் தொல்லை குடுக்காது. ஸ்க்ரீனை ரெக்கார்டு பண்ணி யூடியூப்ல போடற ஆசை இருக்கறவங்களுக்கு இன்னொரு தகவல், 6400ல வீடியோ என்கோடர் கிடையாது.

ஜிடி 1030யும் நாலு லேன்தானேன்னு ஒரு தம்பி மடக்கினான். ஆமா, ஆனா அது மெதுவான கார்டு, அந்த வழியே அதுக்கு ஏறக்குறைய போதும்.

எஃப்பிஎஸ் 60 காட்டுது, ஆனா வெட்டி வெட்டி வருது. கேம் தப்பா கார்டு தப்பா?

60ங்கறது ஒரு நொடியோட சராசரி. ஒவ்வொரு படமும் 16.7 மில்லி செகண்டுக்கு ஒருக்கா ஒழுங்கா வந்தாத்தான் கண்ணுக்கு வழுவழுன்னு இருக்கும். 55 படம் சட்டுனு வந்துட்டு நடுவுல ஒரே ஒரு படம் 100 மில்லி செகண்ட் லேட்டாச்சுன்னா நம்பர் நல்லாத்தான் இருக்கும், கையில வெட்டும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு இலவச சாஃப்ட்வேர், எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும், அதைப் போட்டு கேம் மேலயே நாலு நம்பர் வர வைங்க: கார்டு யூசேஜ், கார்டு மெமரி, ரேம், சூடு. கார்டு 97, 99னு நின்னா கார்டு முழு மூச்சுல உழைக்குது, செட்டிங் குறைங்க. கார்டு 50, 60ல தூங்கிட்டு கேம் வெட்டினா ப்ராசஸர் இழுக்கல, செட்டிங் குறைச்சும் பிரயோஜனம் இல்ல, கூட்டம், டிராஃபிக் மாதிரி செட்டிங்கை மட்டும் குறைச்சுப் பாருங்க. கார்டு மெமரி முட்டினா இப்பத்தான் டெக்ஸ்சரைத் தொடணும். ரேம் 8 ஜிபியும் நிறைஞ்சிருந்தா பின்னாடி குரோம்ல இருபது டேப் தொறந்திருக்கும், மூடுங்க.

ஏப்ரல், மே ஆனா கேம் அரை மணி நேரத்துல ஸ்லோ ஆகுது, ஏன்?

சூடு. ப்ராசஸரும் கார்டும் ஒரு எல்லை தாண்டினா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். கிரானைட் பாலிஷ் பட்டறை பக்கத்து வீட்டுல இருந்து வர்ற பெட்டியைத் தொறந்தா ஹீட் சிங்க் மேல வெள்ளைப் பவுடர் சிமென்ட் பூசின மாதிரி படிஞ்சிருக்கும், ஃபேன் காத்து ஊதுது, காத்து எங்கயும் போகல. ஒரு பெட்டியில ஃபேனுக்குள்ள காஞ்ச பல்லியே இருந்துச்சு.

வருஷம் ஒரு தடவை பெயின்ட் பிரஷ், ப்ளோயர் வெச்சு தூசி தட்டுங்க, ஊதறப்ப ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க. பத்து வருஷப் பெட்டின்னா தெர்மல் பேஸ்ட் மண்ணாட்டம் காஞ்சிருக்கும், மாத்துங்க, பட்டாணி அளவு போதும், நிப்பட்டுக்கு மாவு தட்டற மாதிரி அப்பாதீங்க. சிபியுவை மேஜைக்கு அடியில மரப்பெட்டிக்குள்ள சொருகி வெச்சிருக்கறவங்க வெளிய எடுத்து வைங்க.

பழைய கார்டுக்கு டிரைவர் நின்னு போச்சாமே, இனிமே ஓடாதா?

ஓடும். புது கேமுக்காக டிரைவர்ல திருத்தம் வராது, அவ்வளவுதான். ஜிடி 710, 384 கோர் ஜிடி 730, ஜிடிஎக்ஸ் 660 எல்லாம் கெப்ளர் குடும்பம், அதுக்கு 2021லயே கேம் டிரைவர் நின்னுச்சு. அதே வருஷம் ஏஎம்டியும் எச்டி 7000, ஆர்9 200, 300 சீரிஸை விட்டுட்டாங்க. 750 டிஐ, 1050 டிஐக்கு 2025 அக்டோபரோட முடிஞ்சுது, இனி கொஞ்ச வருஷம் செக்யூரிட்டி அப்டேட் மட்டும். 1650 அதுக்கு அடுத்த தலைமுறை, இன்னும் லிஸ்ட்ல இருக்கு, மேல நான் சொன்ன வரிசையில காசு இருந்தா 1650ன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸ் 7லயே இருக்கறவங்க, 2024 ஜனவரி 1ல இருந்து ஸ்டீம் அதுக்கு சப்போர்ட்டை விட்டாச்சு, மாறித்தான் ஆகணும்.

விண்டோஸ் 11 ஏத்தின அப்பறம் வாலரன்ட் தொறக்க மாட்டேங்குது, கார்டு மாத்தணுமா?

கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. விண்டோஸ் 11ல அந்த கேமோட ஆன்ட்டி சீட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு போர்டுல இருக்கற ரெண்டு பாதுகாப்பு வசதியும் கேக்கும், உங்க செகண்ட் ஜென் போர்டுல அது கிடையாது, யாரோ குறுக்கு வழியில விண்டோஸ் 11 ஏத்திக் குடுத்திருக்காங்க. வேன் 9001னு ஒரு எரர் வருமே, அதான் இது. வாலரன்ட் ரொம்ப லேசான கேம், எச்டி 4000லயே தொறக்கும், இந்தப் பூட்டுதான் பிரச்சனை.

தம்பி, பையன் நச்சரிக்கறான். இந்தப் பழசுக்கே காசு போடலாமா, இல்ல புதுசா எடுத்துடலாமா?

நான் பாக்கற கணக்கு இது. கார்டு, எஸ்எம்பிஎஸ், ரேம், கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து, அந்தப் பெட்டியை இன்னைக்கு வித்தா வர்ற காசைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போகுதுன்னா நிறுத்திடுங்க. கோர் 2 டுயோவுக்கு எதுவும் போடாதீங்க. செகண்ட், தேர்டு ஜென் ஐ5ன்னா 75 வாட்டுக்குள்ள ஒரு செகண்ட்ஸ் கார்டு, இன்னொரு ரேம் குச்சி, அதோட போதும். கார்டு மட்டும் வீணாகாது, நாளைக்குப் புது பெட்டி வாங்கினாலும் அதுல போட்டுக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லதா வாங்கினா கூடவே வரும்.

புதுசுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கார்டு இல்லாமலே ரைசன் 5 5600ஜி மாதிரி ப்ராசஸர்ல ஆரம்பிங்க, உள்ள இருக்கற கிராஃபிக்ஸே ஜிடிடிஆர்5 போட்ட ஜிடி 1030 கிட்ட நிக்கும், ரேம் மட்டும் ரெண்டு குச்சியா வாங்கணும். கார்டை அடுத்த மாங்கா சீசனுக்குப் பாத்துக்கலாம். பரீட்சை முடியற வரைக்கும் எதுவும் வாங்காதீங்கன்னு நானே நிறைய அப்பாமாருங்க கிட்ட சொல்லியிருக்கேன், பசங்களுக்கு இது தெரிஞ்சா அடிக்க வருவானுங்க.

ஏற்கனவே ஒரு ஜிடி 730 இருக்கு, இன்னொண்ணு வாங்கி ரெண்டையும் சேர்த்துப் போட்டா டபுள் ஸ்பீடு வருமாண்ணா?

வராது. ரெண்டு கார்டைச் சேர்த்து ஒரே கேம் ஓட்டற எஸ்எல்ஐ ஏற்பாடு பெரிய கார்டுங்களுக்கு மட்டும் இருந்துச்சு, அதையும் இப்ப கேம் கம்பெனிங்க கண்டுக்கறதில்ல. ரெண்டு 730 போட்டா ரெண்டு பக்கமும் மானிட்டர் சொருகலாம், கேம் ஒண்ணுல மட்டும்தான் ஓடும். அந்தக் காசை 750 டிஐக்குப் போடுங்க. பழைய 730 சும்மா கெடந்தா கடைக்குக் கொண்டாங்க, படம் வருதான்னு டெஸ்ட் பண்ண விஜிஏ ஓட்டை இருக்கற கார்டு ஒண்ணு எனக்கு எப்பவும் தேவைப்படுது.